மடியில் இருந்த கனம்

1963-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. ஜனாதிபதி ஜான் கென்னடி டல்லாஸ் நகரத்து வீதியில் சுடப்பட்டு மாண்டு அன்றோடு சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது. வாஷிங்டனில், புதிதாகப் பதவியேற்றிருந்த லிண்டன் ஜான்சன், அந்தக் கொலையை விசாரித்து அறிக்கை அளிப்பதற்காகத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரனின் தலைமையில் எழுவர் கொண்ட ஒரு கமிஷனை நியமித்தார். அதே நாள் இரவு, மழையும் காற்றும் வீசிக்கொண்டிருந்த ஹயானிஸ் போர்ட் கடற்கரையில், கென்னடி குடும்பத்தாரின் இல்லத்தில், கணவனை இழந்த ஜாக்குலின் அம்மையார் தியோடர் ஒயிட் என்னும் பத்திரிகையாசிரியரை வரவழைத்து, தம் கணவர் உறங்கப்போகுமுன் இசைத்தட்டில் விரும்பிக் கேட்ட ஒரு நாடகத்துப் பாட்டைப் பற்றிச் சொல்லி, அந்த நாடகத்தின் பெயரும் ஆர்தர் மன்னனின் கற்பனைத் தலைநகரின் பெயருமாகிய ‘கேமலாட்’ என்பதையே அவருடைய ஆட்சிக்கும் அடைமொழியாக்கினார். ஒயிட் அந்த வீட்டுச் சமையலறைத் தொலைபேசியிலிருந்தே தம் கட்டுரையை ‘லைஃப்’ பத்திரிகை காரியாலயத்துக்குச் சொல்லி எழுதுவித்தார். டிசம்பர் முதல் வாரத்தில் அது வெளிவந்தது. காவியமும் புலன்விசாரணையும் இவ்வாறு ஒரே நாளில் பிறந்தன. அவற்றின் பிற்காலத்து உறவைப் பற்றிச் சொல்ல வேண்டுவது நிறைய இருக்கிறது. அதற்கு முன், நடந்தது இன்னதென்பதைச் சுருங்கச் சொல்லிவிடுவது நலம்.

நவம்பர் 22-ஆம் தேதி பகல் 12.30 மணிக்கு, மேல்மூடியில்லாத மோட்டாரில் மனைவியோடும் டெக்ஸாஸ் கவர்னர் கானலி தம்பதிகளோடும் டீலி பிளாஸா என்ற சதுக்கத்தைக் கடந்து சென்றுகொண்டிருந்த கென்னடி, கழுத்திலும் தலையிலும் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். பார்க்லண்ட் ஆஸ்பத்திரியில் ஒரு மணிக்கு அவர் இறந்துவிட்டதாக வைத்தியர்கள் அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 46. சதுக்கத்தின் ஓரத்திலிருந்த பாடப்புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடி ஜன்னலருகே மூன்று வெற்றுத் தோட்டாக்களும், பெட்டிகளின் இடுக்கில் இத்தாலியத் தயாரிப்பான ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியும் கிடைத்தன. அந்தத் துப்பாக்கி அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சிகாகோ வியாபாரி ஒருவரிடமிருந்து தபால் மூலம் 19 டாலர் 95 சென்ட்டுக்கு, குறிபார்க்கும் கண்ணாடியுடன் சேர்த்து, பொய்ப் பெயரில் வாங்கப்பட்டது. வாங்கிய கையெழுத்து, கிடங்கில் வேலை பார்த்த லீ ஹார்வி ஆஸ்வால்ட் என்னும் 24 வயது இளைஞனுடையது.

இந்த ஆஸ்வால்ட் ஒரு விசித்திரப் பிறவி. கடற்படைக் காலாட்படையில் சேவித்தவன். 1959-இல் ருஷ்யாவுக்குப் போய்க் குடியுரிமை கேட்டு, மின்ஸ்க் நகரத்து ரேடியோத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அந்தத் தேசமும் சலித்துப்போய், ருஷ்ய மனைவியோடும் கைக்குழந்தையோடும் 1962-இல் திரும்பி வந்தவன். 1963 ஏப்ரலில், எட்வின் வாக்கர் என்ற வலதுசாரி முன்னாள் படைத்தலைவரை அவர் வீட்டு ஜன்னல் வழியே சுட்டுக் குறி தவறினான். கோடையில் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் நின்று கியூபாத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்துத் துண்டுப் பிரசுரம் வழங்கினான். செப்டம்பர் இறுதியில் மெக்ஸிகோ நகரத்துக்குச் சென்று கியூபா, ருஷ்யா ஆகிய இரண்டு தேசத்துக் காரியாலயங்களிலும் விசாவுக்காக மன்றாடி வெறுங்கையோடு மீண்டான். புத்தகக் கிடங்கில் அவன் வேலைக்குச் சேர்ந்தது அக்டோபர் 16-ஆம் தேதி. ஜனாதிபதியின் ஊர்வலம் எந்த வழியாகப் போகும் என்பது முடிவானதோ நவம்பர் மத்தியில்தான். சதிகாரர் எவரேனும் அவனை அந்த ஜன்னலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால், அவர்கள் ஜோசியத்திலும் வல்லவர்களாக இருந்திருக்க வேண்டும். கொலை நாளன்று காலை, மனைவி தங்கியிருந்த வீட்டைவிட்டு அவன் புறப்படுகையில், தன் கல்யாண மோதிரத்தை ஒரு கோப்பையிலும், கையிலிருந்த பணத்தில் 170 டாலரை அலமாரி இழுப்பறையிலும் வைத்துவிட்டுப் போனான். துப்பாக்கி, தோட்டா, கைரேகை, கையெழுத்து என்ற பிரமாணங்கள் எல்லாவற்றையும்விட இந்த மோதிரமே என் மனத்தில் நிற்கிறது. சுட்டவன் ஆஸ்வால்ட்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. வேறொருவர் ஏவிச் சுட்டான் என்று காட்டவல்ல சான்று அறுபது ஆண்டுகளாகியும் வெளிவரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படியாயின், கொலை நடந்த வாரத்தில் எடுத்த காலப் கணிப்பிலேயே நூற்றுக்கு 52 பேர், இதில் பலர் சேர்ந்திருக்கிறார்கள் என்று சொன்னதும், 1976-இல் அத்தொகை 81 ஆக உயர்ந்ததும், 2023-இல்கூட 65 ஆக நின்றதும் எதனால்? அற்பன் ஒருவன் மகா புருஷன் ஒருவனை வீழ்த்தினான் என்பதை மனித மனம் ஏற்க மறுக்கிறது என்று மனோதத்துவ சாஸ்திரிகள் விடை சொல்வார்கள். அந்த விடையில் உண்மையில்லாமல் இல்லை. ஆயினும் அது ஜனங்களைக் குழந்தைகளாக்கி, அரசாங்கத்தைக் குற்றத்திலிருந்து சுளுவாக விடுவித்துவிடுகிறது. மடியில் கனமிருப்பவனுக்குத்தான் வழியில் பயம் என்று நம் கிராமத்தார் சொல்வார்கள். டல்லாஸ் சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்க உத்தியோகஸ்தர்கள் பலர் நடந்துகொண்ட மாதிரியைப் பார்த்த ஜனங்கள், இவர்கள் மடியில் ஏதோ கனமிருக்கிறது என்று அனுமானித்தார்கள். அந்த அனுமானம் சரியே. கனமாக இருந்த பொருள் இன்னதென்று அவர்கள் ஊகித்ததுதான் பிசகிற்று.

முதற்பிசகு ஞாயிற்றுக்கிழமை நேர்ந்தது. நவம்பர் 24-ஆம் தேதி முற்பகல், போலீஸ் காரியாலயத்தின் அடித்தளத்தில், தொலைக்காட்சிக் காமிராக்களின் முன்னிலையில், ஜாக் ரூபி என்னும் கேளிக்கை விடுதிக்காரன், கைதாகியிருந்த ஆஸ்வால்டைச் சுட்டுக் கொன்றான். நீதிஸ்தலத்தில் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு நிலைத்திருக்கவேண்டிய ஒரு வழக்கு இவ்வாறு அநாதையாயிற்று. அதன் இடத்தை நிரப்ப வந்த வாரன் கமிஷனோ, தொடக்கத்திலேயே இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்ய நேர்ந்தது. உண்மையைக் கண்டுபிடிப்பது அதன் வெளிப்படையான கடமை. வதந்தியை அடக்குவது மற்றொன்று. ஆஸ்வால்டே கொலைகாரன், அவனுக்குக் கூட்டாளிகள் இல்லை என்பதில் ஜனங்கள் திருப்தியடைய வேண்டும் என்று, பூத உடல் அடக்கம் செய்யப்பட்ட நவம்பர் 25-ஆம் தேதியே நீதி இலாகாவின் உயர்ந்த அதிகாரி காட்ஸன்பாக் எழுதிய குறிப்பு, பிற்காலத்தில் வெளிவந்து பெருத்த அபகீர்த்தியை விளைவித்தது. ருஷ்யாவையோ கியூபாவையோ சந்தேகிக்கும்படி விட்டுவிட்டால் அணுயுத்தம் மூண்டு ஒரு மணி நேரத்தில் நான்கு கோடி அமெரிக்கர் மாள்வார்கள் என்று ஜான்சன் செனட்டர் ரஸ்ஸலிடம் சொல்லி, கமிஷனில் சேர மனமில்லாத அவரைச் சேர்த்தார். அந்தப் பயம் பாசாங்கன்று. கியூபா ஏவுகணை நெருக்கடி ஓய்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆனால் முடிவை முதலிலேயே விரும்பிவிட்டு விசாரணையைப் பின்னால் நடத்தினால், அந்த முடிவு மெய்யாகவே இருந்தாலும் பொய்யின் முகத்தோடுதான் வெளியே வரும்.

மறைத்தவற்றுள் சிலவற்றை மாத்திரம் குறிப்பிடுகிறேன். டல்லாஸ் எஃப்.பி.ஐ. காரியாலயத்துக்குக் கொலைக்குச் சில வாரங்கள் முன்பு ஆஸ்வால்டே நேரில் வந்து, தன் மனைவியைத் தொந்தரவு செய்யவேண்டாமென்று ஹாஸ்டி என்ற அதிகாரியின் பெயருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஆஸ்வால்ட் செத்த அன்று, மேலதிகாரி சொன்னபடி அச்சீட்டைக் கிழித்துக் கழிவறையில் போட்டு நீரூற்றிவிட்டதாக ஹாஸ்டி 1975-இல் ஒப்புக்கொண்டார். மேலதிகாரி அதை மறுத்தார். ஆஸ்வால்டைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பதற்காக 17 சிப்பந்திகளை ரகசியமாகத் தண்டித்த எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர், வெளியே தம் இலாகாவில் குறையேதும் நேரவில்லை என்று சாதித்தார். இதற்கெல்லாம் மேலானது சி.ஐ.ஏ.யின் கனம். காஸ்ட்ரோவைக் கொல்லுவதற்கு 1960 முதல் அந்த ஸ்தாபனம் கொள்ளைக் கூட்டத் தலைவர்களையே துணைக்கு அழைத்துச் சதி செய்துவந்தது. டல்லாஸில் கென்னடி சுடப்பட்ட அதே தினத்தில், பாரிஸ் நகரத்தில், சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவர், காஸ்ட்ரோவைத் தீர்த்துக்கட்டுவதற்கென்று ஒரு கியூபா ராணுவ அதிகாரியின் கையில் விஷ ஊசி பொருத்திய பேனா ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கமிஷன் அங்கத்தினர் எழுவரில் ஒருவரான ஆலன் டலஸ், அந்தச் சதிகளின் ஆரம்ப நாட்களில் சி.ஐ.ஏ.யின் தலைவர், கியூபாமீதான பன்றிகள் குடாப் படையெடுப்பு குட்டிச்சுவரானபின் கென்னடியால் பதவியிலிருந்து இறக்கப்பட்டவரும் அவரே. தாம் அறிந்ததைச் சக அங்கத்தினரிடம் அவர் வாய்திறந்து சொல்லவில்லை. ஆஸ்வால்டுக்குக் காஸ்ட்ரோவின்மீது இருந்த பக்தியை வைத்துப் பார்த்தால், கொலையின் நோக்கத்தை ஆராயப்புகுந்த கமிஷனுக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

சவப் பரிசோதனையின் கதை வேறு விதமானது. அதில் வஞ்சகமில்லை, ஒருவித நல்லெண்ணமே கேடாய் முடிந்தது. பரிசோதித்த கடற்படை வைத்தியர் ஹ்யூம்ஸ், இரத்தம் தோய்ந்த தம் குறிப்புத் தாள்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தம் வீட்டுக் கணப்பிலிட்டு எரித்துவிட்டார். முன்னொரு நாள் ஒரு பொருட்காட்சிசாலையில், லிங்கன் சுடப்பட்டபோது அமர்ந்திருந்த நாற்காலியைக் காட்டி, இதுதான் அவருடைய இரத்தக்கறை என்று வழிகாட்டி சொல்லக்கேட்டு மனம் அருவருத்ததாகவும், கென்னடியின் இரத்தமும் அவ்வாறு வேடிக்கைப் பொருளாகலாகாது என்று கருதியதாகவும் அவர் காரணம் சொன்னார். அந்த நாற்காலியின் முதுகிலிருப்பது லிங்கனின் இரத்தமன்று, அதில் சாய்ந்த எத்தனையோ பேருடைய தலையெண்ணெய்க் கறை என்று அந்தப் பொருட்காட்சிசாலையாரே பிற்பாடு தெரிவித்தார்கள். எண்ணெய்க் கறைக்குப் பயந்து எரித்த தாள், ஆயிரம் புத்தகங்களுக்கு எண்ணெய் வார்த்தது.

கமிஷனின் அறிக்கை 1964 செப்டம்பரில் 888 பக்கங்களில் வெளிவந்தது. சாட்சியங்கள் அடங்கிய 26 தொகுதிகள் இரண்டு மாதம் கழித்து வந்தன. அந்தத் தொகுதிகளை முழுதும் படித்தவர்கள் பெரும்பாலும் அறிக்கையை நம்பாதவர்களே என்பது சிந்திக்கத்தக்கது. 1966-இல் மார்க் லேன், எட்வர்ட் எப்ஸ்டைன் ஆகியோருடைய நூல்கள் வெளிவந்து விவாதம் சூடு பிடித்தது. ஒரே குண்டு கென்னடியின் கழுத்தையும் கானலியின் மார்பையும் மணிக்கட்டையும் துளைத்துத் தொடையில் தங்கியது என்ற கமிஷனின் கணக்கை அறிக்கையை நம்பாதவர்கள் ‘மந்திரக் குண்டு’ என்று பரிகசித்தார்கள். கானலியின் ஆசனம் கென்னடியினுடையதைவிடத் தாழ்ந்தும் உட்பக்கம் தள்ளியும் இருந்ததை மறந்து, இருவரையும் ஒரே நேர்கோட்டில் உட்காரவைத்து வரைந்த படத்தில் அந்தக் குண்டு வானத்தில் வளைந்து திரும்பத்தான் வேண்டியிருந்தது. ஆனால் தம்மைத் தாக்கியது வேறொரு குண்டே என்று கானலியும், அந்தக் கணக்கைத் தாம் ஒப்பவில்லை என்று ரஸ்ஸலும் சொன்னபோது, சாமானிய வாசகன் எதை நம்புவான்? ஜாப்ரூடர் என்ற ஆடை வியாபாரி கைக்காமிராவில் எடுத்த 26 விநாடிப் படத்தை விலைக்கு வாங்கிய ‘லைஃப்’ பத்திரிகை, அது படமாக ஓடுவதை ஜனங்கள் பார்க்கவிடவில்லை. கென்னடியின் தலை பின்னோக்கிச் சாய்வதைத் தேசம் முழுவதும் தொலைக்காட்சியில் முதன்முறையாகக் கண்டது 1975 மார்ச் மாதத்தில்தான். முன்னாலிருந்து சுட்டார்கள் என்று அன்றிரவு நினைத்தவனைக் குறை சொல்வதற்கில்லை.

1976-இல் பிரதிநிதிகள் சபை அமைத்த விசேஷக் கமிட்டி மறுபடியும் எல்லாவற்றையும் ஆராய்ந்து, கொன்ற குண்டுகள் ஆஸ்வால்டினுடையவையே என்று உறுதி செய்து, முடிக்கப்போகும் தறுவாயில் ஒரு போலீஸ் ஒலிப்பதிவை நம்பி, சதுக்கத்து ஓரப் புல்மேட்டிலிருந்து இன்னொரு வெடி கேட்கிறது, ஆகையால் பெரும்பாலும் சதி இருந்திருக்கும் என்று எழுதிவிட்டது. ஓஹையோ மாகாணத்து டிரம் வாத்தியக்காரர் ஒருவர், ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் இசைத்தட்டில் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வெடிகள் என்று சொல்லப்பட்ட ஓசையோடு கூடவே, சம்பவம் முடிந்து ஒரு நிமிஷம் கழித்து மாவட்ட ஷெரீஃப் பேசிய பேச்சும் தேய்ந்து ஒலிப்பதைக் கண்டுபிடித்தார். விஞ்ஞான அகாடமி 1982-இல் அவர் செவியே சரியென்று ஒப்புக்கொண்டது. பெரிய ஸ்தாபனங்களின் தவறு ஒரு தாளக்காரரின் காதில் சிக்கியது என்பது இந்தக் கசப்பான கதையில் எனக்கு ஆறுதலளிக்கும் ஒரே இடம். சதுக்கத்தில் மேகமில்லாத பகலில் குடை விரித்து நின்ற மனிதரைக் கொலையாளிகளுக்குச் சமிக்ஞை செய்தவரென்று பதினைந்து வருஷம் எழுதினார்கள். அவர் 1978-இல் கமிட்டி முன் வந்து, கென்னடியின் தந்தை ஒரு காலத்தில் குடை தாங்கிய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினின் சமாதானக் கொள்கையை ஆதரித்ததைக் கேலி செய்யவே குடை பிடித்தேன் என்று நாணத்தோடு சொல்லிவிட்டுப் போனார். புதைகுழியில் கிடப்பது ஆஸ்வால்டே அல்ல, ருஷ்ய ஒற்றன் என்ற வாதத்துக்காக 1981-இல் குழியைத் தோண்டிப் பல்லைச் சரிபார்த்தார்கள், அவனேதான்.

நம் பத்திரிகைத் துணுக்குகளில் லிங்கன், கென்னடி ஆகிய இருவருக்கும் உள்ள ஒற்றுமைகளை அடுக்கிப் போடுவது வழக்கம்: 1860, 1960, இருவருக்கும் பின்வந்தவர் ஜான்சன், ஒரு ஜான்சன் பிறந்தது 1808, மற்றவர் 1908. அந்தத் துணுக்குகள் கவனியாமல் விடும் ஒரு வேற்றுமையே உண்மையில் ஆச்சரியமானது. லிங்கனின் கொலை மெய்யாகவே ஒரு சதி. 1865 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு நடிகன் பூத் நாடகசாலையில் ஜனாதிபதியைச் சுட்டபோது, அவன் கூட்டாளி ஒருவன் மந்திரி சூவர்டைப் படுக்கையில் கத்தியால் குத்தினான். துணை ஜனாதிபதியைக் கொல்லப் போனவன் தைரியம் போய்க் குடித்துவிட்டு அலைந்தான். நால்வரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் ஒருத்தி பெண். அவ்வளவும் நிரூபணமாகியிருந்தும் இன்று சாமானிய மனிதனின் நினைவில் லிங்கனைக் கொன்றவன் ஒரு தனி மனிதன். தனி மனிதனால் கொல்லப்பட்ட கென்னடியோ சதிக்குப் பலியானவராக நிற்கிறார். லிங்கன் வழக்கில் சதிகாரர் அகப்பட்டார்கள், விசாரணை நடந்தது, தண்டனை நிறைவேறியது. மடியை உதறிக் காட்டிவிட்டார்கள். அந்த விசாரணை ராணுவ நீதிமன்றத்தில் நடந்ததும், அந்தப் பெண்ணைத் தூக்கிலிட்டது நியாயமா என்பதும் வேறு கேள்விகள்.

இனிக் காவியத்துக்கு வருவோம். கென்னடியைப் பெரிய கைகள் கொன்றன என்று நிலைநாட்ட வேண்டுமானால், பெரிய கைகள் அஞ்சத்தக்க காரியம் எதையேனும் அவர் செய்திருக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் அரசாங்க வக்கீல் ஜிம் காரிஸன், 1967-இல் கிளே ஷா என்னும் வர்த்தகப் பிரமுகரைக் கென்னடி கொலைச் சதிக்காகக் கைது செய்து வழக்காடி, 1969-இல் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் அவரை விடுதலை செய்யக் கண்டவர்; அவரையே நாயகராக்கி 1991-இல் ஆலிவர் ஸ்டோன் எடுத்த சினிமா, வியத்நாமிலிருந்து படையைத் திருப்பியழைக்க இருந்ததால் கென்னடி கொல்லப்பட்டார் என்று உலகுக்குச் சொல்லிற்று. சான்றுகள் அவ்வளவு எளிதாக ஒரு பக்கம் சாய்வதில்லை. 1963 அக்டோபரில் ஆயிரம் பேரைத் திரும்ப அழைக்க அவர் ஒப்பியது மெய். அவர் பதவிக்கு வந்தபோது அங்கிருந்த ஆலோசகர் சுமார் 900 பேர், அவர் இறந்தபோது சுமார் 16,000 பேர் என்பதும் மெய். இறப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன், அமெரிக்க ஆமோதிப்போடு நடந்த புரட்சியில் தென் வியத்நாம் ஜனாதிபதி டியெம் கொல்லப்பட்டதும் மெய். ஆலிவர் ஸ்டோனின் கென்னடி, ஜாக்குலின் அம்மையார் மழையிரவில் வடித்த கென்னடியேதான். காவியத்தைப் பரிகசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்த சதிவாதிகள் அதற்கு உத்தரகாண்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

காவியத்தை நீக்கிப் பார்த்தாலும் அந்த மனிதரிடம் மிச்சம் நிறையவே இருக்கிறது. பன்றிகள் குடாவில் தளபதிகளின் பேச்சைக் கேட்டு ஏமாந்தவர், பதினெட்டு மாதம் கழித்து ஏவுகணை நெருக்கடியில் தளபதிகள் குண்டு போடச் சொன்னபோது பதின்மூன்று நாள் கேளாதிருந்தார். அந்தக் கேளாமையால் நாமெல்லாம் உயிரோடிருக்கிறோம். 1963 ஆகஸ்டில் கையெழுத்தான அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் அவர் வாழ்நாளிலேயே அமலுக்கு வந்த காரியம். கறுப்பு இனத்தவரின் உரிமைக்காக அவர் ஜூன் மாதத்தில் அனுப்பிய மசோதாவோ காங்கிரஸில் அசையாமல் கிடந்தது. 1964 ஜூலையில் அதைச் சட்டமாக்கியவர் ஜான்சன். இறந்தவரின் பெயரைச் சொல்லி உயிரோடிருப்பவர்களின் வாக்கை வாங்குவதில் ஜான்சனுக்கு நிகர் எவருமில்லை.

ஸ்டோனின் சினிமா சரித்திரமாகத் தோற்றாலும் சட்டமாக வென்றது என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயமாகும். ஜனங்களின் கூச்சலைத் தாங்கமாட்டாமல் காங்கிரஸ் 1992-இல் ஒரு சட்டமியற்றி, கொலை சம்பந்தமான தஸ்தாவேஜுகளை எல்லாம் இருபத்தைந்து வருஷத்துக்குள் வெளியிடும்படி விதித்தது. சுமார் ஐம்பது லட்சம் பக்கங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தன. அவற்றில் வெளிப்பட்டவை யாவை? கியூபாமீது படையெடுக்கச் சாக்கு வேண்டி, தங்கள் தேசத்திலேயே பயங்கரச் செயல்களை நடத்திப் பழியைக் காஸ்ட்ரோமீது போடலாம் என்று முப்படைத் தளபதிகள் 1962-இல் தயாரித்த யோசனை. 1978-இல் கமிட்டிக்குத் தஸ்தாவேஜு எடுத்துக்கொடுக்க சி.ஐ.ஏ. அனுப்பிய ஜோவனீடிஸ் என்ற அதிகாரி, நியூ ஆர்லியன்ஸில் ஆஸ்வால்டோடு தெருவில் சண்டையிட்ட கியூபா அகதி மாணவர் சங்கத்தை 1963-இல் பணம் கொடுத்து நடத்தியவர் என்பதும், அதை அவர் கமிட்டியிடம் மூச்சுவிடவில்லை என்பதும். கமிட்டியின் தலைமை வக்கீலாக இருந்த ராபர்ட் பிளேக்கி இதையறிந்து, அந்த ஸ்தாபனம் சொன்ன எதையும் இனி நம்பமாட்டேன் என்னும் அளவுக்குச் சினந்தார். கொலைக்கான சதியை வெளிக்காட்டும் தாள் மட்டும் வரவில்லை.

விதித்த கெடு 2017-இல் முடிந்தது. ஜனாதிபதிகள் மாறிமாறித் தவணை கொடுத்தார்கள். கடைசியாக 2025 மார்ச் 18-ஆம் தேதி மிச்சமிருந்தவற்றில் பெரும்பகுதியைக் கறுப்பு மை நீக்கி வெளியிட்டார்கள். சரித்திராசிரியர் ஆர்தர் ஷ்லெஸிஞ்சர் 1961-இல் கென்னடிக்கு எழுதிய ஒரு குறிப்பில் அதுநாள்வரை மைபூசியிருந்த பக்கம் அவற்றில் ஒன்று. வெளிநாட்டு அமெரிக்க ஸ்தானிகர் காரியாலயங்களில் அரசியல் பிரிவு உத்தியோகஸ்தர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வேஷமிட்ட சி.ஐ.ஏ. ஆட்கள் என்றும், பாரிஸில் மாத்திரம் 128 பேர் என்றும் அது சொல்கிறது. அறுபத்து நான்கு ஆண்டு பூட்டிவைத்த ரகசியம் இது. அவசரத்தில் வெளியிட்ட அந்தத் தாள்களில், நூற்றுக்கணக்கானவர்களுடைய சமூகப் பாதுகாப்பு எண்களும் மறைக்கப்படாமல் வந்துவிட்டன. அவர்களில் உயிரோடிருந்த பலர், முன்னொரு காலத்தில் இந்த மறைவுகளைத் துருவி ஆராய்வதற்காகக் காங்கிரஸ் கமிட்டிகளில் வேலைக்கமர்த்தப்பட்டவர்கள்.